கரும் நெபுலாவுக்குள் என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பால்வீதியில் கறுப்பாகத் தெரியும் இடங்கள் வெற்றிடமா?

இல்லை, குறுக்கே தூசி நிற்கிறது. இப்படி ஒளியை மறைக்கும் தூசி-வாயு மேகம்தான் கரும் நெபுலா. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலே வானத்தில் ஓட்டை என்றுதான் நினைத்தார். ஒபியூக்கஸ் விண்மீன் மண்டலத்தில் உள்ள பர்னார்டு 68 என்ற கரும் நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் அது மை கொட்டிய மாதிரி இருக்கும். அதையே 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் எடுத்தால், பின்னாலிருக்கும் விண்மீன்கள் தெரியும். ஓரத்தில் உள்ளவை லேசாகவும் நடுவில் உள்ளவை நன்றாகவும் சிவந்திருக்கும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு தூசி. 2001-இல் இந்தக் கணக்கை வைத்துத்தான் அதன் அடர்த்தியை வரைந்தார்கள். குறுக்களவு அரை ஒளியாண்டு, நிறை ஏறக்குறைய இரண்டு சூரியன். அதில் தூசி நூற்றில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் வாயு.

கரும் நெபுலாவின் கடும் குளிரில் விண்மீன் எப்படிப் பிறக்கும்?

குளிராக இருப்பதால்தான் பிறக்கிறது. வாயுவை உள்ளே இழுப்பது ஈர்ப்பு, வெளியே தள்ளுவது வெப்பம். வெளியிலிருந்து வரும் ஒளியைத் தூசி மறிக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் வெப்பத்தைக் கார்பன் மோனாக்சைடு ரேடியோ அலையாக வெளியே விட்டுவிடுகிறது. அதனால் வெப்பநிலை 10 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. அந்தக் குளிரில், கன சென்டிமீட்டருக்கு 10,000 மூலக்கூறு இருந்தால், சில சூரிய நிறை சேர்ந்தாலே மேகம் உள்நோக்கிச் சரியத் தொடங்கிவிடும். அதே அடர்த்தியில் வெப்பநிலை 100 கெல்வின் என்றால் 30 மடங்குக்கு மேல் நிறை வேண்டும். தடையில்லாமல் சரிந்தால் சுமார் 3 லட்சம் ஆண்டு. காந்தப்புலமும் வாயுவின் கொந்தளிப்பும் குறுக்கிடுவதால் உண்மையில் கூடுதலாகவே ஆகும்.

மேகம் சரிந்ததும் விண்மீன் ஆகிவிடுமா?

உடனே இல்லை. சுழற்சியால் வாயு தட்டாகப் படியும். 2014-இல் அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த எச்.எல். டாவ்ரி என்ற இளம் விண்மீனின் படத்தில் அந்தத் தட்டும் வளையங்களும் துல்லியமாகத் தெரிகின்றன. மையம் ஒரு கோடி கெல்வினைத் தொட்டால்தான் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் நிலையாக எரியும். சூரியன் போன்றதற்கு அந்நிலைக்கு வர சுமார் 5 கோடி ஆண்டு. நிறை சூரியனில் 0.08 பங்குக்குக் கீழே என்றால் அப்படி எரியாத பழுப்புக் குள்ளனாகவே நின்றுவிடும்.

மேகத்தின் வாயுவில் பெரும்பங்கான ஹைட்ரஜனை எப்படி அளக்கிறார்கள்?

நேரடியாக முடியாது. இந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு கதிர் விடுவதில்லை. அதனால் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலையைப் பிடிக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: அடர்த்தியான மையத்தில் அது தூசியின் மேல் உறைந்துபோகும், சமிக்ஞை வராது. பர்னார்டு 68-இன் வரைபடத்திலும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரித் தெரிந்தது. ஹெர்ஷல் ஏமாந்த அதே மேகங்கள், ரேடியோவிலும் ஏமாற்றுகின்றன! அம்மோனியா லேசில் உறையாது. மையத்துக்கு அதைத்தான் நம்ப வேண்டும்.

வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். மே நடுவில் இரவு 9 மணி வாக்கில் தெற்கே திரிசங்கு (தென்சிலுவை) விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். அதை ஒட்டியுள்ள கரிய திட்டுதான் கோல்சாக் என்ற கரும் நெபுலா. கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் 19 பாகை, கை நீட்டினால் இரண்டு முஷ்டி உயரம். தொலைநோக்கி வேண்டாம், உருப்பெருக்கம் கூடினால் பின்னணி வெளிச்சம் பார்வைக்கு வெளியே போய், திட்டின் விளிம்பே தெரியாது. நிலா இல்லாத இரவும் தெளிவான தென்வானமும் முக்கியம். ஊர் விளக்கு பட்டால் திட்டு கலைந்துவிடும். இத்தனை பெரிய மேகமாக இருந்தும், கோல்சாக்கில் புது விண்மீன் பிறப்பதற்கான தடயம் இதுவரை கிடைக்கவில்லை.