பழைய மோட்டார் படகின் இருக்கைகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஹட்டனில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குஷன் வேலை செய்கிறேன். பஸ், வேன், முச்சக்கரவண்டி இருக்கைகளில் தொடங்கி, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் ஓடும் படகுகளுக்கு வந்து சேர்ந்தேன். பழைய படகின் உட்புறத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணன், பதினாறு அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். இருக்கைகளின் ரெக்சின் மட்டும்தான் கிழிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? (நோர்வூட்)

தம்பி, ரெக்சின் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஓர் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே இருப்பது முகம். நோய் அடியில் இருக்கும். போன வருடம் உங்கள் ஊர்ப்பக்கமிருந்து வந்த இருக்கை ஒன்றை மேசையில் வைத்தபோதே, அதன் பாரம் சரியில்லை என்று கைக்குத் தெரிந்தது. ஸ்டேப்பல் கம்பிகள் துருவாகி, இழுத்த இடத்திலேயே பொடியாக உதிர்ந்தன. பிளைவுட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன்; தேநீரில் நனைந்த பிஸ்கட் போலக் கழன்று வந்தது. ஸ்பொஞ்சை அழுத்தியதும் தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் மேசையெங்கும் ஓடியது. மேல் ரெக்சினில் இருந்ததோ ஒரு சாண் கிழிசல் மட்டும்தான்.

குத்தூசியால் பலகையைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் பலகை போய்விட்டது. அதன்மேல் புது ரெக்சின் அடிப்பது காசுக்கும் உழைப்புக்கும் கேடு.

ஸ்பொஞ்ச் தண்ணீர் குடிக்காமல் இருக்க முழுவதையும் பொலித்தீனால் சுற்றிவிடலாமா? (மஸ்கெலியா)

வேண்டாம். இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், இதனால்தான் அதிகம் இருக்கைகள் அழுகுகின்றன. தையல் துளை வழியாகத் தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். பொலித்தீன் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டியவர். மழையைத் தடுக்க அவர் ஒருநாளும் முயன்றதில்லை. வந்த தண்ணீர் மண்ணைக் கரைக்காமல் வெளியே போக வழி வெட்டினார். படகு இருக்கைக்கும் அதே வேலைதான். அடிப்பலகையில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குலத் துளைகள் போடுங்கள். பலகைக்குப் பூசுவது போலவே அந்தத் துளைகளின் உட்சுவருக்கும் எபொக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து பூசினால் இறுகும் பிசின்) பூசுங்கள். பூசாத துளைதான் பலகை அழுகத் தொடங்கும் இடம். இருக்கையின் அடிப்பக்கத்தை ரெக்சினால் மூடாமல் வலைத்துணியால் மூடுங்கள். பலகையும் படகின் தளமும் ஒட்டிக்கொள்ளாமல் கால் அங்குல இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் நேராக இறங்கி ஓடிவிடும் பெரிய கண் வைத்த படகு ஸ்பொஞ்ச் கிடைத்தால் அதுவே சிறந்தது. விலை கூடுதல்தான். அது கட்டுப்படியாகாவிட்டால், அடியில் தண்ணீரே குடிக்காத கெட்டி ஈவிஏ ஸ்பொஞ்ச் ஒரு அங்குலம், மேலே சாதாரண ஸ்பொஞ்ச் இரண்டு அங்குலம் என்று வையுங்கள். கெட்டி ஸ்பொஞ்சை மட்டும் போட்டால் அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். எதை வைத்தாலும் உறையின் அளவைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். அப்போதுதான் உறை சுருக்கமின்றி நிற்கும்.

வேனுக்குப் போடும் ரெக்சினையே போடலாமா? இங்கே குளிர்தானே, வெயில் அவ்வளவு இல்லையே? (நுவரெலியா)

குளிர் வேறு, வெயில் வேறு. மேலே ஏற ஏற, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்ற கணக்கில் புறஊதாக் கதிர் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உடம்புக்குச் சுடாவிட்டாலும் ரெக்சினுக்குச் சுடும். வேன் ரெக்சினுக்குக் கண்ணாடியும் கூரையும் காவல். திறந்த படகில் அது வெளிறி, விறைத்து, வெடிக்கும். படகுக்கென்றே செய்த வினைல் ரெக்சின் கேளுங்கள். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்துணி பருத்தியாக இருந்தால் அது ஈரத்தில் மக்கும். பொலியஸ்டராக இருக்க வேண்டும்.

நூலும் அப்படியே. பருத்தி நூல் அழுகும், நைலோன் வெயிலில் பலமிழக்கும். வெயில் தாங்கும் கனத்த பொலியஸ்டர் நூல் போடுங்கள். ஸ்டேப்பல் கம்பி துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும்.

அண்ணா, வெள்ளை இருக்கையில் ரோஸ் நிறத்தில் கறை வந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பிளீச் போடலாமா? (நானுஓயா)

தங்கச்சி, தேய்ப்பதை நிறுத்துங்கள். அது மேலிருந்து பட்ட அழுக்கு அல்ல. உள்ளே நனைந்த ஸ்பொஞ்சில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் வெளியிடும் சாயம், வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளில் கரைந்து மேலே ஏறுகிறது. வினைலுக்குள்ளேயே ஊறிவிட்டதால் எதைப் போட்டாலும் முழுதாகப் போகாது. ஸ்பொஞ்சையும் உறையையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். ஸ்பொஞ்சை விட்டு உறையை மட்டும் மாற்றினால் கறை மறுபடியும் வரும்.

கறுப்புப் புள்ளியாக மேலே படிந்த பூஞ்சணம் வேறு. மெல்லிய சவர்க்கார நீரும் மென்மையான பிரஷும் போதும். கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச் நூலை அரிக்கும், வினைலின் மேற்பூச்சையும் எடுத்துவிடும்.

வீட்டுத் தையல் மெஷினில் தைக்கலாமா? (கொட்டகலை)

தட்டையான இரண்டு மடிப்பைத் தைக்கலாம். பைப்பிங் (தையலோரத்தில் வைக்கும் உருண்டைக் கரை) வைத்த ஓரத்தில் நான்கு மடிப்பு வரும்போது மெஷின் திணறும். அந்த வேலையைக் குஷன் கடையில் கொடுங்கள். 18ஆம் இலக்க ஊசி, தையல் நீளம் நான்கைந்து மில்லிமீற்றர். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்க வேண்டாம். துளைகள் நெருங்கினால் வினைல் தபால் முத்திரைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் முன், பின், இடம், வலம் எழுதி வையுங்கள். அதைவிட நல்ல வெட்டுமாதிரி கிடையாது.

தரையில் நடக்கும்போது ஓரிடம் அமுங்குகிறது. கார்பெட் போட்டால் சரியாகுமா? (பொகவந்தலாவை)

ஐயா, இதை இருக்கை வேலை என்று எண்ணாதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஃபைபர் போர்த்திய மரச் சட்டங்கள் உண்டு. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டொக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அழுகிய இடத்தில் சத்தம் மந்தமாகச் செத்துப் போகும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் நல்ல மரம் தெரியும்வரை வெட்டுவார்கள் அல்லவா, அப்படியே வெட்ட வேண்டும். கொஞ்சம் கறுப்பை மிச்சம் வைத்து மூடினால் அது அங்கிருந்தே பரவும். தரையைத் திறக்கும்போது அடியிலிருக்கும் மிதவை நுரையும் நனைந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். வெறுமனே விடக்கூடாது, படகு தண்ணீர் ஏறி நிறைந்தால் அதை மிதக்க வைப்பது அந்த நுரைதான்.

கார்பெட் நம் மலைக்கு ஆகாது. மூடுபனியில் அது காய்வதே இல்லை.

இந்த வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது? (தலவாக்கலை)

ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போதுதான் மழை குறைவு. நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கும் படகு தயாராகிவிடும். ஆனால் அதிகாலையில் எபொக்சி கலக்காதீர்கள். குளிரில் அது இறுகாது, ஈரத்தில் மேலே பிசுபிசுப்பு படியும். பத்து மணிக்கு மேல் கலந்து, மூன்று மணிக்குள் பூசி முடியுங்கள். வினைலையும் சற்று வெயிலில் காய வைத்து மென்மையான பிறகே இழுத்து அடியுங்கள். விறைத்த வினைலை விடியற்காலையில் அடித்தால், நண்பகலில் அது தளர்ந்து சுருக்கம் விழும்.

பசை பூசுவதற்கு முன் பெட்ரோல் தாங்கியை வெளியே எடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். பசையின் ஆவியும் தீப்பிடிக்கும். இருக்கைக்கு அடியில் காற்றோட்டத் துவாரம் இருந்தால், புது வேலையில் அதை மூடிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் படகை எப்படி வைப்பது? (நோர்வூட்)

படங்கை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு கம்பு நிறுத்திக் கூடாரம் போல உயர்த்தி, இரண்டு முனையிலும் காற்று போக இடம் விடுங்கள். கழற்றக்கூடிய இருக்கைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி வையுங்கள். அடுப்படிச் சுவரோரம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.