பஸ் நிலையத்தில் பால் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது; புட்டிப்பால் கொண்டுபோகலாமா?

வேண்டாம். மதுரை வெயிலில் புட்டிப்பால் சீக்கிரம் கெடும். கறந்த தாய்ப்பால்கூட 25 டிகிரிக்குள் இருந்தால்தான் நாலு மணி நேரம் தாங்கும். நேரத்துக்குக் கொடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், தொடர்ந்தால் சுரப்பும் குறையும்.

தமிழக அரசு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அது எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், கழிப்பறைக்குள் மட்டும் போகாதீர்கள்.

வெளியில் என்றால், குழந்தை கையைச் சப்பத் தொடங்கியதுமே கொடுங்கள். வீறிட்ட பிறகு அது சரியாகக் கவ்வாது, ஊரும் திரும்பிப் பார்க்கும். துப்பட்டாவால் முழுக்க மூடினால் வாய் எங்கே இருக்கிறதென்று தெரியாது. காம்பை மட்டும் பிடித்தால் புண்ணாகும். முதலில் பார்த்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்த்துக் கவ்வ வைத்து, பிறகு தோள்பக்கம் தளர்வாக மூடுங்கள். மூக்கருகே காற்றோட்டம் இருக்கட்டும். முன்பக்கம் ஜிப் வைத்த சுடிதார் வசதி.

கிராமத்து டவுன் பஸ்ஸில் முந்தானைக்குள் பால் கொடுப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பக்கத்து சீட்டு அக்காவே ஜன்னலோரம் இடம் விடுவார். முறைப்பவர் முறைக்கட்டும், கூச்சம் அவருக்குத்தான் வரவேண்டும்.