கருக்கலைப்பில் செவிலியருக்கு என்ன வேலை? அவர் மறுக்கலாமா?

கேள்வி இதுதான்: "கருக்கலைப்பு என்பது சட்டமும் மருத்துவரும் முடிவு செய்கிற விஷயம். இதில் செவிலியரின் பங்கு என்ன? தன் மனசாட்சிக்கு ஒவ்வாவிட்டால் அவர் மறுக்கலாமா?"

இரண்டாவது பாதிக்குச் சுருக்கமான பதில் உண்டு. கருக்கலைப்புச் செயலில் பங்கெடுக்க மறுக்கலாம். பல நாடுகளின் சட்டங்கள் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் அந்தப் பெண்ணை மறுக்க முடியாது. முதல் பாதிதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டுகிறது. மகப்பேறு வார்டில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறாள். சட்டம் கொடுத்த உரிமை அவளுக்குக் கிடைத்ததா, பாதி வழியிலேயே பறிபோனதா என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது.

2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இறந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவிலிருந்து சென்று அங்கே குடியேறிய பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பிணி. கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயத்துடிப்பு இருக்கும்வரை கலைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, மருத்துவமனையில் சேர்ந்த ஒரு வாரத்தில் அவர் இறந்தார். அந்த மரணம் கிளப்பிய கோபம் அயர்லாந்து அரசியல் சட்டத்தையே மாற்றும் வரை போனது. 2018 வாக்கெடுப்பில் 66.4% பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

இதை எல்லோரும் சட்டத்தின் கதையாகவே சொல்கிறார்கள். சட்டத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விசாரணை அறிக்கைகளை ஒரு செவிலியர் படித்தால் வேறு சில வரிகளில் கண் நின்றுவிடும். பனிக்குடம் உடைந்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய நாடித்துடிப்பு, உடல் வெப்பம், ரத்த அழுத்தம் ஆகியவை முறையாகப் பார்க்கப்படவில்லை. சேர்ந்த அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை யாரும் தேடிப் பார்க்கவில்லை. அந்நாட்டின் சுகாதாரத் தரக் கண்காணிப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, கைநழுவிய வாய்ப்புகள் 13 என்று எண்ணிச் சொன்னது. இதில் எத்தனை செவிலியர்களுடைய அன்றாட வேலை என்று நினைத்துப் பாருங்கள். ஏன் கலைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சவிதா தரப்பில் கேட்டபோது, இது கத்தோலிக்க நாடு என்று பேறுகாலச் செவிலியர் ஒருவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். விசாரணையில் அதை ஒப்புக்கொண்ட அவர், புண்படுத்தும் நோக்கத்தில் சொல்லவில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். படுத்திருப்பவளுக்கு அந்த நோக்கம் எப்படித் தெரியும்?

சமத்துவம் என்ற பேச்சு இங்கேதான் உள்ளே வருகிறது. பணமும் படிப்பும் உள்ள பெண்ணுக்கு ஒரு மருத்துவமனையில் முகம் சுளித்தால் அடுத்த மருத்துவமனை, ஒரு நாட்டில் தடை இருந்தால் அடுத்த நாடு. அமெரிக்காவில் 2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியல் சட்டப் பாதுகாப்பை நீக்கிய பிறகு, தடை விதித்த மாநிலங்களில் இருந்த பெண்கள் பலர் எல்லை தாண்டிப் போனார்கள். போக முடியாதவர்கள் யார்? விடுப்பு எடுத்தால் சம்பளம் போகிறவர்கள், வீட்டில் சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு வர ஆள் இல்லாதவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஆவணங்கள் இல்லாத புலம்பெயர்ந்தவர்கள். அந்த நாட்டில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் கூட்டரசு நிதியை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற விதி 1976இலிருந்தே இருக்கிறது. அதாவது உரிமை ஏட்டில் இருந்த காலத்திலும் ஏழைக்கு அது அரைகுறைதான். அதே நாட்டில் கறுப்பினப் பெண்களின் பேறுகால மரண விகிதம் வெள்ளையினப் பெண்களுடையதைப்போல் சுமார் மூன்று மடங்கு.

உலக அளவில் பார்த்தால் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன. அவற்றில் 45% பாதுகாப்பற்றவை. அந்தப் பாதுகாப்பற்றவற்றில் 97% வளரும் நாடுகளில் நடப்பவை.

இந்த இடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அதற்கு விடையாகச் செவிலியர்களைப் பயிற்றுவிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள உலகம் வெகுநாள் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் செவிலியர்களின் சங்கமே போட்ட ஒரு வழக்கு 1981இல் முடிவுக்கு வந்தது. கருக்கலைப்பை மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் மருந்து செலுத்தும் முறையில் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் செவிலியர் செய்கிறார். அப்படியானால் நாங்கள் செய்வது குற்றமா என்று கேட்டார்கள். மருத்துவரின் பொறுப்பிலும் வழிகாட்டுதலிலும் செய்தால் குற்றமில்லை என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது, அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். தென்னாப்பிரிக்கா துணிந்து மேலே போனது. அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர்கள் 12 வாரம் வரை தாங்களே செய்யலாம் என்றது. 2008இல் மற்றப் பதிவுபெற்ற செவிலியர்களுக்கும் அந்த அனுமதி கிடைத்தது. தென்னாப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, பயிற்சி பெற்ற செவிலியர் போன்றவர்கள் உறிஞ்சு முறையில் செய்த கருக்கலைப்பு மருத்துவர்கள் செய்ததற்கு இணையாகப் பாதுகாப்பானது என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும், 12 வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பத்தில் மாத்திரை வழிக் கருக்கலைப்பைச் செவிலியர்கள் கையாளலாம் என்றே பரிந்துரைக்கிறது. இந்தியச் சட்டம் இன்னும் பதிவுபெற்ற மருத்துவரைத் தாண்டவில்லை. அது மாற வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவ நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சட்டம் கேட்காததை வரவேற்பு மேசை கேட்பது இன்னொரு தொல்லை. "கணவர் வரவில்லையா? அவர் கையெழுத்து வேண்டுமே." இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் தீர்ப்பில் மருத்துவர்களுக்குச் சொன்னது. திருமணமாகாத பெண்ணை வேறாக நடத்தக் கூடாது என்பதும் அதே தீர்ப்புதான். ஆனால் படிவத்தை நீட்டுவது பெரும்பாலும் நாங்கள். இல்லாத ஒரு கையெழுத்துக்காக அவளைத் திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் போகும். அந்த ஒரு வாரத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது அறுவை அரங்கு வரை போகலாம், அல்லது சட்டத்தின் வார வரம்பே தாண்டிவிடலாம்.

இனி மனசாட்சி. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் மறுக்கும் உரிமையைத் தெளிவாகத் தருகிறது. ஆனால் பெண்ணின் உயிரைக் காக்கவோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பைத் தவிர்க்கவோ செய்ய வேண்டிய சிகிச்சைக்கு அந்த மறுப்பு செல்லாது. எல்லை எதுவரை என்ற கேள்வியைக் கிளாஸ்கோ நகரின் பேறுகாலச் செவிலியர்கள் இருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரசவ வார்டை மேற்பார்வையிடுவது, ஆட்களுக்கு வேலை ஒதுக்குவது ஆகியவற்றையும் மறுக்க முடியுமா என்பது வழக்கு. முடியாது, நேரடியாகக் கைவைத்துச் செய்வதை மட்டுமே மறுக்கலாம் என்று 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்வீடனில் பேறுகாலச் செவிலியருக்கு அந்த அளவுகூட இடம் இல்லை. அங்கே வேலை மறுக்கப்பட்ட இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2020இல் அவர்களின் மனு ஏற்கப்படவில்லை. ஸ்வீடன் வழி எனக்கு உவப்பில்லை. உயிர் பற்றிய ஆழ்ந்த நம்பிக்கை உள்ள ஒருவரை வற்புறுத்திப் பெறுகிற பராமரிப்பில் கனிவு இருக்காது. அதைப் பெறுபவள் முதலில் உணர்வது அந்தக் கனிவின்மையைத்தான். பிரிட்டன் கோடு எனக்கு ஒத்துப்போகிறது.

ஆனால் மறுப்பு என்ற பெயரில் நடக்கிற வேறு சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். வலிமருந்தைத் தாமதமாகக் கொடுப்பது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு நடுவே படுக்கை ஒதுக்குவது. "இதெல்லாம் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்" என்று ஊசி போடும்போது முணுமுணுப்பது. மனசாட்சி இதில் எதையும் கேட்கவில்லை. இது தண்டனை, வேறொன்றுமில்லை. தண்டனை கொடுக்கச் செவிலியரை யாரும் நியமிக்கவில்லை. இதிலும் படித்த, வசதியான பெண் ஒருத்தி என்றால் முணுமுணுப்பு நாக்கிலேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. கூட வந்தவர்களைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டு, இது அவளுடைய முடிவுதானா என்று கேட்க வேண்டும். சிலர் கலைக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டு வருகிறார்கள். சிலர் வேண்டாம் என்று மனம் மாறியும் சொல்லத் துணிவில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் கண்டுபிடிக்க வேண்டியது இந்தக் கேள்விதான். வலி எவ்வளவு இருக்கும் என்று குறைத்துச் சொல்லாமல் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் முழுக்க நனைந்து, அது அடுத்த மணி நேரமும் தொடர்ந்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால் உடனே வர வேண்டும் என்பதை அவளே திருப்பிச் சொல்லும் வரை விளக்க வேண்டும். கருத்தடை பற்றிப் பேசலாம், காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான் சிகிச்சை என்று பேரம் பேசக் கூடாது. வீட்டில் கடைப்பிடிக்க முடியாத அறிவுரை அறிவுரையே அல்ல; இரவில் பேருந்து இல்லாத இடத்திலிருந்து வருகிறாள் என்றால் எப்படி வருவாள் என்பதையும் அவள் கிளம்பும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

கேட்டவர் செவிலியர் பயிற்சியில் இருப்பவர் என்றால் ஒன்று சொல்வேன். மறுக்கப் போகிறீர்கள் என்றால் பணியில் சேரும்போதே தலைமைச் செவிலியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பணிப்பட்டியல் போடும்போது அந்த இடத்துக்கு வேறொருவரை வைத்துக்கொள்வார். நள்ளிரவில், ரத்தப்போக்கோடு ஒரு பெண் வந்து நிற்கும்போது சொல்லாதீர்கள். அவளுக்கு அப்போது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.