பூனை இருக்கட்டும், மூத்த பிள்ளையின் ஸ்பூனைக் கவனியுங்கள்

கேள்வி: கர்ப்ப காலத்தில் வரும் எந்தெந்தத் தொற்று வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்? வீட்டில் பூனை இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பூனையைக் கொடுக்க வேண்டாம். அதன் கழிவுப் பெட்டியை மட்டும் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். பூனையின் மலத்தில் வெளியேறும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் கவலை குறைவு. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் வழியாகவும் அதே கிருமி வரும். பழி என்னவோ பூனைக்குத்தான்.

எனக்கு இந்தப் பூனைப் பேச்சு அலுத்துவிட்டது. என் இரண்டாவது மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது எல்லோரும் கேட்டது, "வீட்ல பூனை இருந்துச்சா?" எங்கள் வீட்டில் பூனையே இருந்ததில்லை. இரண்டரை வயதில் மூத்தவள் இருந்தாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

மற்றதிலெல்லாம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) தடுப்பூசி முன்பே போட்டாயிற்று. (கர்ப்பத்தில் அதைப் போடக் கூடாது. போட்டு ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும்.) சிபிலிஸ், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்த்தார்கள். மூத்தவளோ பிளே ஸ்கூலிலிருந்து மூக்கு ஒழுக வருவாள். சூடு பார்க்க எனக்கு ஒரு வாய், அதே ஸ்பூனில் அவளுக்கு ஒரு வாய், அவள் பாதி மென்று வேண்டாமென்று தள்ளியதும் எனக்கு. வீணாக்க மனசு வராது.

அந்த எச்சிலில் வரக்கூடியதுதான் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. சுமார் 200 குழந்தைகளில் ஒன்று இதோடு பிறக்கிறது, அவற்றில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் காது கேளாமை போன்ற நீடித்த பாதிப்பு. எங்களுக்கு அந்த ஒன்று.

பிறந்த இரண்டாம் நாள் காதுப் பரிசோதனையில் இடது காது தேறவில்லை. "தண்ணி தங்கியிருக்கும், ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்த வேறொரு டாக்டர் கேட்டார்: "21 நாளுக்குள்ள சிறுநீரோ எச்சிலோ எடுத்து சிஎம்வி பார்த்தாங்களா?" அந்த நாள் தாண்டினால் தொற்று வயிற்றிலேயே வந்ததா, பிறந்த பிறகு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நல்லவேளை, பிறந்தபோது குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றிய ரத்தத்தை வைத்திருந்தார்கள், அதில் தெரிந்தது. எல்லா இடத்திலும் வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். மருந்து தேவைப்படும் குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே தொடங்கப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டிருக்குமா என்று கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மூன்று வயதில் வலது காதும் குறைந்தது.

1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர், கண்புரையோடு வந்த குழந்தைகளின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். கண்ணைப் பார்க்க வந்த இடத்தில் கர்ப்பத்தைப் பற்றி விசாரித்த மனிதர். என்னிடம் யாரும் மூத்த பிள்ளை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

உடனே கமெண்டில் வருவீர்கள், தெரியும். நான் டாக்டர் இல்லை. பெற்ற பிள்ளையைத் தள்ளி வை என்று சொல்லவுமில்லை. முத்தத்தை நெற்றியில் கொடுங்கள், வாயில் வேண்டாம். ஸ்பூனும் டம்ளரும் தனி. டயபர் மாற்றினால், மூக்கு துடைத்துவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இத்தனை செய்தாலும் வரலாம், செய்யாமலும் வராமல் போகலாம். அதனால் "நீ ஒழுங்கா இருந்திருந்தா" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அதை நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். பிறந்த குழந்தை காதுப் பரிசோதனையில் தேறவில்லை என்றால் மட்டும் கிளம்பாதீர்கள். சிஎம்வி பாருங்கள் என்று கேட்டு உட்காருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. காது மெஷின் தெரியாமல் முடியை இழுத்து விடச் சொல்லும் உறவுகளே, கண்ணாடி போட்ட பிள்ளையிடம் முகத்தை மூடிக்கொள் என்பீர்களா? அந்த ஆரஞ்சு நிறம் அவளே ஆசைப்பட்டுக் கேட்டது. போன வாரம் ஒருவர் இந்த அறிவுரையைத் தொடங்கியதும் இரண்டு மெஷினையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். மீதியை நான் கேட்டு முடித்தேன்.