வேலி போட மூணு கோட் (கொட்டேஷன்) வாங்கியாச்சு, யாருக்கு குடுக்கறது?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வீட்டுக்குப் பின்னாடி இருந்த பழைய ப்ரீகாஸ்ட் சுவர் (ரெடிமேடா வார்த்த கான்கிரீட் பலகைச் சுவர்) மழையில சாஞ்சு விழுந்துருச்சாம், மேட்டுல இருக்கற பக்கத்து வீட்டுக்கும் இவங்களுக்கும் நடுவுல சரிவு, மொத்தம் ஒரு 40 மீட்டர் வரும், ஸ்டீல் பாலிசேட், அதாவது நிமிர்ந்த இரும்புக் கம்பி வேலி, போடலாம்னு மூணு பேர்கிட்ட கோட் வாங்கிட்டாரு. ஒருத்தர் ரேட் மட்டும் ரொம்ப கம்மி, ஆனா 70 சதவீதம் முன்பணம் கேக்கறாரு, வேலிக்கு மேல ஷாக் அடிக்கற எலக்ட்ரிக் வயரும் தானே இழுத்துத் தரேங்கறாரு. யாருக்கு குடுக்கலாம் அண்ணேன்னு கேள்வி.

தம்பி, ஆளை முடிவு பண்ற கட்டத்துக்கு நீங்க இன்னும் வரல. நீங்க அனுப்பின மூணு கோட்டையும் பாத்தேன், ரெண்டுல "40 மீட்டர் பாலிசேட், மெட்டீரியல், லேபர் சேத்து"ன்னு ஒரே வரி, கீழ ஒரு தொகை, அவ்வளவுதான். குழி எவ்வளவு ஆழம், கம்பி எவ்வளவு தடிமன், கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) பண்ணதா இல்ல பெயிண்ட் அடிச்சதா, எதுவுமே இல்ல. அப்ப மூணு பேரும் மூணு வேற வேற வேலிக்குத்தான் விலை சொல்லிருக்காங்க, அதுல எது கம்மின்னு கேட்டா நான் என்ன சொல்றது.

அதுக்கும் முன்னாடி, பழைய சுவர் ஏன் விழுந்துச்சுன்னு பாருங்க. ப்ரீகாஸ்ட் ஸ்லாப் மெலிசு, அது மறைப்புக்குத்தான், மண்ணைத் தாங்கறதுக்கு இல்ல. மேல் வீட்டு மண்ணு வருஷக்கணக்கா அது மேல சாஞ்சிருந்து மழையில ஊறி தள்ளிருந்தா, அதே எடத்துல பாலிசேட் நட்டாலும் மண்ணு கம்பி இடுக்கு வழியா உங்க முற்றத்துக்கே வந்துரும். அப்படின்னா முதல்ல ரிடெய்னிங் வால், அதாவது மண்ணைத் தாங்கற சுவர், அதுக்கு பிளான், இன்ஜினியர் எல்லாம் வேணும், அது வேலிக்காரர் வேலையே இல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன்ல எத்தனை சரிவு இறங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க.

அடுத்து எல்லை. பழைய சுவர் நின்ன எடம்தான் எல்லைன்னு நினைச்சுக்காதீங்க, மூலைல சர்வே பெக் (எல்லையைக் காட்ட அடிச்ச முளை) இருக்கும், மண்ணைத் தோண்டிப் பாருங்க. கிடைக்கலைன்னா லேண்ட் சர்வேயரைக் கூப்பிடுங்க, வேலிக்காரர் குத்துமதிப்பா அடிக்கற பெக் செல்லாது. மேல் வீட்டுக்காரர் பாதிக் காசு தரேன்னு வாயால சொன்னாருன்னா நல்ல மனுஷன், இருந்தாலும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க. அக்கம்பக்கத்து வீட்டு பின்பக்கம் மேன்ஹோல் மூடி தெரியுதான்னும் ஒரு பார்வை பாருங்க, தெரிஞ்சா சாக்கடை பைப் உங்க எல்லையை ஒட்டியே போகலாம், முனிசிபாலிட்டில கேக்காம அங்க குழி தோண்ட விடாதீங்க.

பர்மிஷன் பத்தி சுருக்கமா. 1.8 மீட்டருக்கு மேல போகாம, மண்ணையும் தாங்காம தனியா நிக்கற சுவரு, வேலி எல்லாம் சட்டத்துல மைனர் பில்டிங் வொர்க். முழு பிளான் வேண்டாம்னு விலக்கு குடுக்க முனிசிபாலிட்டி பில்டிங் கண்ட்ரோல் ஆபீசருக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அது தானா வராது, போய் கேட்டு எழுத்துல வாங்கணும். எந்த எடத்துல அளந்தாலும் 1.8 தாண்டக்கூடாதுங்கறாங்க, உங்களுது சரிவு, அதனால மேட்டுப் பக்கம் சரியா இருந்து பள்ளத்துப் பக்கம் தாண்டிரும், பாத்துக்கங்க.

இப்ப இரும்பு. டர்பன் காத்துல உப்பு, ஈரம் ரெண்டும் இருக்கு, கடலோரம் மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கம் கேக்கவே வேண்டாம், வெறும் பெயிண்ட் அடிச்ச பாலிசேட் வெல்டிங் எடத்துலேருந்து துரு விட ஆரம்பிச்சிரும். ஹாட் டிப், அதாவது செஞ்சு முடிச்ச பேனலை அப்படியே உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கறது, அதைத்தான் கேக்கணும். கோட்ல "கால்வனைஸ்ட்"னு மட்டும் இருந்தா பத்தாது, ஹாட் டிப், சான்ஸ் (SANS) 121ன்னு எழுதித் தரச் சொல்லுங்க, அதுதான் இதுக்கான தென்னாப்பிரிக்கத் தர நிர்ணயம். சாமான் வந்து இறங்கினதும் நீங்களே செக் பண்ணலாம். போஸ்ட் குழாயோட நுனில டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, முக்கி எடுத்ததுன்னா உள்பக்கமும் சாம்பல் கலர்ல பூச்சு இருக்கும், மூடி வெல்ட் பண்ணிருந்தா நுனிக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை இருக்கும், ஏன்னா காத்து வெளிய போக வழியில்லாத குழாயை அந்தச் சூட்டுல முக்கினா வெடிச்சிரும். வெல்டிங் மேல மட்டும் பளபளன்னு சில்வர் ஸ்ப்ரே இருந்தா முக்கினதுக்கு அப்புறம் வெல்ட் பண்ணிருக்காங்க, துரு அங்கதான் முதல்ல வரும்.

குழி விஷயத்துலதான் பாதிப் பேரு ஏமாத்தறாங்க, மண்ணுக்குள்ள போனா யாரு பாக்கப் போறான்னு. 1.8 மீட்டர் வேலிக்கு 600 மில்லிமீட்டராவது ஆழம் வேணும், சரிவுலயும் மூலைலயும் இன்னும் கூட. டர்பன் மேட்டுல நெறைய எடத்துல சிவப்பு மணல், காஞ்சா கல்லு மாதிரி நிக்கும், தண்ணி இறங்கினா பொசுக்குன்னு உட்காந்துரும், அதனால கான்கிரீட் மேல் பக்கம் போஸ்ட்டைச் சுத்தி மேடா இருக்கணும், தண்ணி வழிஞ்சு ஓடறாப்பல. கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழிலயும் டேப் வெச்சு போட்டோ அனுப்பணும்னு கோட்லயே எழுதுங்க. சரிவுக்கு பேனலைச் சாய்ச்சு செய்வாங்களா, படி படியா வெப்பாங்களான்னும் கேளுங்க, படியா வெச்சா ஒவ்வொரு பேனலுக்கும் கீழ முக்கோணமா ஒரு சந்து விழும், நாயும் போகும் திருடனும் போவான்.

எலக்ட்ரிக் வயருக்கு தனி ஆள். எலக்ட்ரிக் ஃபென்ஸ் இன்ஸ்டாலரா பதிவு பண்ணவரு போட்டு அதுக்குன்னே ஒரு சர்டிபிகேட் தரணும், வீட்டு வயரிங்குக்குத் தர்ற சிஓசி சர்டிபிகேட் இதுல சேராது. 2012 அக்டோபர்லேருந்து வீட்டை விக்கும்போதும் இந்த சர்டிபிகேட் கேப்பாங்க. கம்மி ரேட் சொன்னவர்கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்க, மழுப்பினாருன்னா வயரை விட்டுட்டு பாலிசேட்டுக்கு மட்டும் கோட் திருப்பி வாங்குங்க.

ஆளைப் பொறுத்தவரை, போட்டோ ஆல்பம் வேண்டாம், மூணு நாலு வருஷம் முன்னாடி போட்ட வேலி ஒண்ணோட அட்ரஸ் கேட்டு நேர்ல போய் போஸ்ட்டைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. லேபர் யாருக்காவது அடிபட்டா பிரச்சனை உங்க வாசலுக்கு வரக்கூடாது, அதனால கோய்டா (COIDA, வேலையில அடிபட்டவங்களுக்கு இழப்பீடு தர்ற சட்டம்) லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் காப்பி வாங்கி தேதி பாருங்க. 70 சதவீதம் குடுக்கவே குடுக்காதீங்க. சாமான் வாங்கக் காசு இல்லேன்னு அவர் சொன்னா சப்ளையருக்கு நீங்களே நேரா கட்டி உங்க பேருல இன்வாய்ஸ் வாங்கிக்கங்க, போஸ்ட் எல்லாம் நின்னதும் ஒரு பங்கு, முடிஞ்சு குப்பையை பக்கில (பிக்அப் வண்டில) ஏத்திக் கொண்டு போனதும் மீதி. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்) 20,000 ராண்ட் வரைக்கும்தான் கேஸ் போட முடியும், அதுக்கு மேல ஒருத்தர் கைல குடுத்துட்டு தேடி அலையறது பெரிய பாடு.

மாசத்தையும் பாத்துக்கங்க. மழை கம்மியான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குழி தோண்ட நல்லது. டிசம்பர் நடுவுல பில்டர்ஸ் ஹாலிடேன்னு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க, ஜனவரி வரைக்கும் போனை எடுக்க மாட்டாங்க, நவம்பர் கடைசில "ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்"னு யாராவது சொன்னா அட்வான்ஸ் குடுக்காம ஜனவரிக்கு தேதி வாங்குங்க.