பிரஸ்ஸல்ஸில் 2 மணி நேரம்: கிராண்ட் பிளாஸா, அட்டோமியமா?

டூர் கோச் (சுற்றுலாப் பேருந்து) பிரஸ்ஸல்ஸில் நிற்கும் 2 மணி நேரத்தில், நகரின் நடுவே உள்ள பழைய சதுக்கமான கிராண்ட் பிளாஸ், அணு அமைப்பின் வடிவில் நிற்கும் பிரம்மாண்டக் கட்டுமானமான அட்டோமியம் இரண்டையும் பார்க்க முடியாது. கிராண்ட் பிளாஸ் மட்டும் போங்கள்.

சுற்றுலா அட்டவணையில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருப்பதால் பக்கம் என்று தோன்றியிருக்கும். அட்டோமியம் நகரின் வடக்கே ஹெய்சலில் இருக்கிறது. மெட்ரோவில் போய்வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

சதுக்கத்தில் அவசரப்படாதீர்கள். 1695-ல் பிரெஞ்சுப் பீரங்கிகள் நொறுக்கிய பிறகு எழுந்த கில்டு (வணிகர், கைவினைஞர் சங்க) மாளிகைகளின் பொன்முலாம் முகப்புகளை அண்ணாந்து பாருங்கள். நகர மன்றக் கோபுரம் கட்டடத்தின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி நிற்கும். எனக்கு அதுதான் அழகு. சிறுநீர் கழிக்கும் சிறுவனின் சிலையான மன்னெகென் பிஸ் அங்கிருந்து சில நிமிட நடை.

இறங்குமுன், திரும்ப எங்கே ஏற வேண்டும் என்று டூர் மேனேஜரிடம் கேளுங்கள். இறக்கிவிட்ட இடமாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அப்புறம், சில டூர்களில் அட்டோமியத்தில் போட்டோவுக்குத் தனியாக நிறுத்துவதும் உண்டு; அதையும் கேட்டுவிடுங்கள்.