பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. மாத்திரை கொடுப்பதா வேண்டாமா: எங்கள் வீட்டில் எப்படி முடிவெடுத்தோம்

கேள்வி: 8 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) என்று சொல்லி மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கொடுக்கலாமா?

கொடுங்கள், கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. என் மகன் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறான், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாமே "ஆயுசு பூராவும் மாத்திரையா?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்ச நாள் கொடுத்துப் பார்ப்போம், எதையெல்லாம் கவனிப்போம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று பேசத் தொடங்கிய பிறகுதான் ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

அதற்கு முன்னால், நோய் இதுதானா என்ற சந்தேகம் துளி இருந்தாலும் தீர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பையனின் பள்ளியில் மலையாளம். வகுப்பில் கவனிப்பதே இல்லை, எழுந்து எழுந்து போகிறான் என்று டீச்சர் சொன்னபோது, "பாஷை புரியாத பிள்ளை வேறு என்ன செய்யும்?" என்று வீட்டில் ஒரு கட்சி. வேலந்தாவளம் தாண்டிக் கோவையில் பார்த்த மருத்துவரும் முதலில் கேட்டது இதைத்தான். எல்லையோரத்துப் பிள்ளைகள் விஷயத்தில் நியாயமான சந்தேகம் இது. ஏ.டி.எச்.டி. என்று சொல்ல அறிகுறிகள் 12 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். எங்கள் பையன் பாட்டியிடம் தமிழில் கதை கேட்கும்போதும் பாதியில் எழுந்து ஓடுகிறவன். தயிர் வாங்க அனுப்பினால் தயிர் வரும், பை வராது, மீதிச் சில்லறை வரவே வராது. ஆக, பாஷை மட்டும் காரணமில்லை. காது, கண் சோதித்தார்கள். இரவில் குறட்டை விடுகிறானா, தூக்கம் சரியாக இருக்கிறதா என்றும் கேட்டார்கள். டீச்சர் நிரப்ப வேண்டிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மலையாள டீச்சரும் தமிழ் அம்மாவும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேசி நிரப்பினோம். அந்த அரை மணி நேரத்தில் என் பிள்ளையின் வகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட அளவுக்கு எந்த பி.டி.ஏ. மீட்டிங்கிலும் தெரிந்துகொண்டதில்லை.

உங்களுக்கு இவையெல்லாம் நடக்காமல், பத்து நிமிடம் பார்த்துவிட்டு மாத்திரை எழுதியிருந்தால், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால் அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற பிள்ளைகள் நலத் திட்டத்தில் பரிசோதிக்கும் குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, அதற்கான மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்தில் கேட்கலாம். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

இனி வீட்டுக் கதை. என் அத்தை, அதாவது மாமியார், "இவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார். அவர் சொன்னதில் பாதி அறிவியல்தான். ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதிக்குப் பதில் சொன்னது என் வீட்டுக்காரர். அதுவரை மாத்திரையே வேண்டாம் என்று நின்றவர் அவர்தான். "ஒண்ணும் கெட்டுப்போகலைன்னு உனக்கு யாரும்மா சொன்னது? நான் வாங்கின அடி எனக்குத்தான் தெரியும்" என்றார். அத்தை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாரஸ்வதாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தைக் கொடுக்கலாம் என்றார். இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றாலும் முதலில் வருவது அதுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், எது என்ன செய்கிறது என்றே தெரியாமல் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மருந்தைப் பற்றி. இது நேற்று வந்ததில்லை. மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் தயாரித்தார்கள். சாதாரண வகை மாத்திரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி சுமார் 4 மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை 8 மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். என் வீட்டுக்காரர் மனம் மாறியது இங்கேதான். காலையில் போட்டது ராத்திரிக்குள் போய்விடும், பிடிக்கவில்லை என்றால் தன்னிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்று மருத்துவர் சொன்னதும், "அப்ப பார்த்துடலாம்" என்றார். அட்டமாக்ஸெட்டின் என்று வேறொரு மருந்தும் உண்டு. அது பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், இப்படி அன்றன்றைக்கே தெரியாது.

மருந்து வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 6 வயதுக்குக் கீழே என்றால் அது சரி, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் சொல்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு? அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடந்த எம்.டி.ஏ. ஆய்வின் முடிவு 1999-இல் வந்தது. 14 மாதத்தில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆனால் 3 வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் இல்லை. முதல் பாதியை மட்டும் சொல்கிறவர்களையும் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

"கண்ணாடி போடுகிற மாதிரிதான் இதுவும்" என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். கண்ணாடி போட்டால் பசி குறையாது. இதில் குறையும். டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வரும். நாங்கள் செய்வது, மாத்திரைக்கு முன்பே காலையில் வயிறு நிறையப் புட்டும் பழமும், அல்லது முட்டை தோசை. மதியம் ஏதோ கொறிப்பான், கட்டாயப்படுத்துவதில்லை. ராத்திரி படுக்கும் முன் இன்னொரு சாப்பாடு. சாயங்காலம் மருந்து இறங்கும் நேரத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கும், அந்த நேரத்தில் ஹோம்வொர்க் பேச்சை எடுப்பதில்லை. தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி எல்லாம் வரலாம். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடலாம், வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் உயரம், எடை, பி.பி. பார்க்கிறார்கள். மாமனார் வழியில் ஒருவர் சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார் என்று நாங்கள் சொன்னதால், தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதாவது இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தது மூன்றே விஷயம்: கரும்பலகையில் இருப்பதை முழுதாக எழுதி வருகிறானா, என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான். மார்க்கை நோட்டில் சேர்க்கவே இல்லை. பழைய நோட்டுகளில் இரண்டு வரி எழுதியிருக்கும், மூன்றாவது வரி பாதி வார்த்தையில் நிற்கும், பக்கத்தில் ஒரு லாரி படம். மாத்திரை தொடங்கிய பிறகு கணக்கு கடைசிப் படி வரை வந்தது. லாரி ஓரத்துக்குப் போய்விட்டது, அது எங்கேயும் போக வேண்டாம். அளவைக் கூட்டியபோது மட்டும் பையன் மந்தமாகிவிட்டான். தெருவில் கிரிக்கெட் நடக்கிறது, இவன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். மருத்துவரிடம் சொன்னதும் குறைத்துவிட்டார். பிள்ளை பொம்மை மாதிரி ஆகிவிட்டால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் இல்லை, அளவு சரியில்லை என்று அர்த்தம்.

வாங்குவதில் ஒரு தொல்லை உண்டு. இந்தியாவில் இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடைக்கும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் 2 வருடம் வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மெடிக்கலில் கேட்டபோது அவர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. மருத்துவர் இருக்கும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது, தீரும்வரை காத்திருக்காதீர்கள். இவ்வளவு கட்டுப்பாடு என்றால் போதை மருந்தா என்று பயம் வரும். தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதால்தான் கட்டுப்பாடு. சொன்ன அளவில் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் போதைப் பழக்கம் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. டப்பா மட்டும் பீரோவில் பூட்டியிருக்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுப்பதில்லை, மருத்துவர் சம்மதத்தோடுதான். ஏப்ரல், மே விடுமுறையில் நிறுத்தினால் எடை தேறும். ஆனால் இன்னும் தேவையா என்பது வீட்டில் இருக்கும்போது தெரியாது, பள்ளி நடக்கும்போதுதான் தெரியும். அதனால் ஜூனில் பள்ளி திறந்து, புது வகுப்பு கொஞ்சம் பழகியதும், ஓணப் பரீட்சைக்கு நாள் இருக்கும்போதே நிறுத்திப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதைப் புது டீச்சரிடம் முன்கூட்டியே சொல்வதா, சொல்லாமல் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதா என்பதில் மட்டும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.